பல்லவராயன் மடமும் ஈடு வந்த வழியும்

காஞ்சிபுரத்திலிருந்து திருநாராயணபுரத்திற்குச் சாலை வழியாகச் செல்லும் அடியார்கள் வேலூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்து, சூளகிரி வழியே ஓசூரை அடைந்து கன்னட நாட்டிற்குள் புகுகின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லைப்புறம் அது. நெடுஞ்சாலையில் இன்று கண்ணிற்படுவன தொழிற்சாலைகளும் சரக்கு வண்டிகளுமே. சூளகிரியிலும் வரதராஜப்பெருமாள் எழுந்தருளியிருக்கிறார் என்பதை விரைந்து செல்லும் யாத்திரிகர் பலர் அறியார். காஞ்சியில் ஸேவித்துப் புறப்பட்ட திருநாமமே வழியிலும் நின்று காத்திருக்கிறது.

இவ்வாறு மேற்கே சென்று செல்வப்பிள்ளையை ஸேவிப்பவர்களே மற்றொரு சமயம் தெற்கே திருவரங்கம் பெரிய கோயிலுக்குச் செல்கின்றனர். அங்கே தெற்கு உத்தரவீதியில் மணவாளமாமுனிகள் ஸந்நிதியையும் ஸேவிக்கின்றனர். மாமுனிகள் எழுந்தருளியிருந்த பல்லவராயன் மடமே அவ்விடம் என்று சொல்லக் கேட்டுத் தீர்த்தம் பெற்றுத் திரும்புகின்றனர். மேற்கே சென்ற யாத்திரைக்கும் தெற்கே சென்ற யாத்திரைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பெரும்பாலோர் நினைவில் இல்லை. பழுதடைந்திருந்த அம்மடம் பதினைந்தாம் நூற்றாண்டில் சீர்பெற்றபோது அதனுள் முழங்கிய ஈடு முப்பத்தாறாயிரப்படி, திருநாராயணபுரத்தில் ஓதப்பெற்றுப் பின்பு தமிழ்நாட்டிற்குத் திரும்பி வந்தது. கட்டடத்தின் வரலாற்றையும் க்ரந்தத்தின் வரலாற்றையும் தனித்தனியே படித்தால் இரண்டும் பாதியாகவே நிற்கும்.

மடத்தின் பெயரை முதலில் நோக்கலாம். பல்லவராயன் என்பது சோழ, பாண்டிய அரசுகளில் உயர்ந்த அலுவலர்களுக்கு வழங்கிய பட்டப்பெயர். எம்பெருமானார் எழுந்தருளியிருந்த மடத்திற்குச் சேரன் மடம் என்ற பெயர் வழங்கியது போல, இதற்கும் கட்டினவர் அல்லது நிவந்தம் அளித்தவர் பெயர் நிலைத்தது என்று கொள்வதில் தவறில்லை. மாமுனிகள் இதை எடுப்பித்தவர் அல்லர்; முன்பே இருந்து சீர்குலைந்திருந்த ஒரு மடம் அவருக்கு அளிக்கப்பட்டது. இந்த வேறுபாடு சிறிதன்று. ஏனெனில், திருவரங்கத்தில் அக்காலத்தில் சீர்குலையாமல் இருந்தது எது என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டுப் புறப்பட நேர்ந்தது. உடன் சென்றவர் பிள்ளைலோகாசாரியர். முதுமையின் எல்லையில் இருந்த அவர் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் மலைநாடு, கன்னட நாடு எனப் பல இடங்களில் எழுந்தருளியிருந்தார். நம்மாழ்வாரும் ஆழ்வார்திருநகரியை விட்டு எழுந்தருள வேண்டியதாயிற்று. குண்டலுப்பேட்டைக்கு அருகில் உள்ள திருக்கணாம்பியும், யதுகிரியாகிய திருநாராயணபுரமும் இந்த அலைச்சலின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. வேதாந்ததேசிகர் ச்ருதப்ரகாசிகை ஏட்டையும் ஸுதர்சனஸூரியின் இரு குமாரர்களையும் காத்துக்கொண்டு காவிரிக்கரையில் சத்யாகாலத்தை அடைந்ததும் இக்காலத்திலேயே. எம்பெருமான்கள், ஆழ்வார், ஸ்ரீபாஷ்யத்தின் வ்யாக்யானம் ஆகிய மூன்றையும் ஒருசேர அடைக்கலமாக ஏற்றது கன்னட நாடு. எம்பெருமானார் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே எழுந்தருளியிருந்து விதைத்தது இரண்டு நூற்றாண்டு கழித்து இவ்வாறு விளைந்தது என்று பெரியோர் சொல்வர்.

செஞ்சியில் இருந்த கோபணார்யரின் முயற்சியால் நம்பெருமாள் 1371இல் திருவரங்கம் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டாகிய 1370இல், ஸாதாரண வருஷத்து ஐப்பசித் திருமூலத்தில், மாமுனிகள் திருவவதரித்தார். இந்த இரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நிகழ்ந்ததை ஸம்ப்ரதாயம் தற்செயலாகக் கருதுவதில்லை. பெருமாள் திரும்பினார், திருமதில்களும் மண்டபங்களும் மெல்லமெல்லப் பழுதுபார்க்கப்பட்டன. அரசரும் தளபதிகளும் பொன்னும் நிலமும் கொடுத்தால் அது நிகழ்ந்துவிடும். ஆனால் காலக்ஷேப கோஷ்டி? ஒரு தலைமுறை ஓதாமல் விட்டதை எந்த அரசனுடைய தானத்தாலும் மீட்க முடியாது. ஏடு இருந்தாலும் அதைச் சொல்லும் நாவு வேண்டும். அந்நாவும் ஓர் ஆசார்யன் திருவடிகளில் கேட்ட நாவாக இருத்தல் வேண்டும்.

ஈட்டின் நிலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அருளிச்செய்த பொருளை வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்டு இரவில் ஏட்டில் எழுதி வைத்தார். முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம் என்னும் கணக்கில் முப்பத்தாறாயிரம் அளவு அமைந்தது அது. நம்பிள்ளை அதைக் கண்டு உகந்தார். எனினும் உடனே வெளிப்படுத்த இசையவில்லை. தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார். பின்பு ஈயுண்ணி மாதவப்பெருமாளின் வேண்டுகோளாலும் பெருமாளின் நியமனத்தாலும் அவரிடம் தந்தருளினார். அவரிடமிருந்து அவர் குமாரர் ஈயுண்ணி பத்மநாபப்பெருமாள், அவரிடமிருந்து நாலூர்ப்பிள்ளை, அவரிடமிருந்து அவர் குமாரர் நாலூராச்சான்பிள்ளை என ஒருவர் பின் ஒருவராக அது வந்தது. கண்டவர் கையில் எல்லாம் புழங்காமல் தகுதியுடைய ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்கும் இம்முறை பாடத்தைத் தூய்மையாகக் காத்தது, இதில் ஐயமில்லை. ஆனால் அதே முறை அதை ஒற்றை இழையில் தொங்கவும் விட்டது. அந்த நூற்றாண்டில் அவ்விழையில் உள்ள ஒருவருக்கு ஏதம் நேர்ந்திருந்தால், இன்று ஸ்ரீவைஷ்ணவர்கள் ஈட்டைப் பெயரளவில் மட்டுமே அறிந்திருப்பர்.

நல்வினையாக, ஈடு இருந்த குடும்பம் காஞ்சியோடு தொடர்புடையதாக இருந்தது. பிள்ளைலோகாசாரியர் தம் இறுதிக் காலத்தில், மதுரையில் அரசுப் பொறுப்பில் ஈடுபட்டிருந்த திருமலையாழ்வாரைத் திருத்தி ஸம்ப்ரதாயத்திற்கு ஆக்க வேண்டும் என்று தம் சிஷ்யர்களை நியமித்தருளினார். கூரகுலோத்தமதாஸர் அரும்பாடுபட்டு அவரை ரஹஸ்யார்த்தங்களில் ஈடுபடுத்தினார். விளாஞ்சோலைப்பிள்ளை முதலியோரிடமும் அவர் கேட்டார். திருவாய்மொழியில் அவருக்கு இருந்த அளவற்ற ஈடுபாட்டால் திருவாய்மொழிப்பிள்ளை என்றே அவர் பெயர் ஆயிற்று. ஈட்டைக் கேட்க விரும்பி அவர் காஞ்சியை அடைந்தபோது, தேவப்பெருமாள் நாலூர்ப்பிள்ளைக்கு நியமித்தருள, அவர் தம் முதுமையைக் கருதித் தம் குமாரர் நாலூராச்சான்பிள்ளையைச் சொல்லப் பணித்தார் என்பது குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி.

இங்கேதான் திருநாராயணபுரம் மீண்டும் வருகிறது. இச்செய்தியைக் கேட்ட திருநாராயணபுரத்து ஆய், அவ்வர்த்தங்களைத் தாமும் கேட்க வேண்டும் என்று வேண்ட, நாலூராச்சான்பிள்ளை திருநாராயணபுரத்திற்கு எழுந்தருளி அங்கே ஈட்டைச் சாதித்தார். ஆயும் திருவாய்மொழிப்பிள்ளையும் மற்றும் சிலரும் அக்கோஷ்டியில் அமர்ந்து முழுமையாகக் கேட்டனர். காஞ்சியிலிருந்து யதுகிரிக்கு அவர்கள் நடந்த பாதை எதுவாயினும், ஓலைச்சுவடிகளோடு ஆசார்யரும் சிஷ்யரும் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து மேற்கே சென்றதும், கேட்டு முடித்தபின் ஒருவர் அதைத் தென்பாண்டி நாட்டிற்குக் கொண்டு வந்ததும் நெஞ்சில் நிறுத்தத்தக்கவை. சூளகிரியைக் கடந்து வண்டியில் செல்லும் அடியார்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

தென்பாண்டி நாட்டிற்கு வந்த திருவாய்மொழிப்பிள்ளை செய்த முதற் கைங்கரியமும் ஒரு ஜீர்ணோத்தாரணமே. ஆழ்வார்திருநகரி காடு மண்டிக் கிடந்தது. அதை வெட்டித் திருத்திக் குடியேற்றினார். திருக்கணாம்பியிலிருந்து நம்மாழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணினார். பவிஷ்யதாசார்யராகிய எம்பெருமானாருக்கு ஸந்நிதி அமைத்து அதைச் சுற்றி இராமாநுச சதுர்வேதிமங்கலம் என்னும் அக்ரஹாரத்தை ஏற்படுத்தினார். இத்தனை மண்வேலைக்கும் நடுவே அவர் காலக்ஷேபத்தை நிறுத்தவில்லை. கிடாரத்தில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்த அழகியமணவாளப்பெருமாள் நாயனார், பிற்காலத்தில் மாமுனிகள் என விளங்கியவர், இவர் திருவடிகளை ஆச்ரயித்து ஈடு முதலான வ்யாக்யானங்களையும் ரஹஸ்யங்களையும் கேட்டார். திருவரங்கம் சென்று அங்கேயே இருந்து ஸம்ப்ரதாயத்தை வளர்க்க வேண்டும் என்பது ஆசார்ய நியமனம்.

அவ்வாறே திருவரங்கம் அடைந்து ஸந்யாஸாச்ரமமும் ஏற்ற பின்னர், பெரியபெருமாள் அவருக்குப் பல்லவராயன் மடத்தை வாஸஸ்தானமாகத் தந்தருளினார். பிள்ளைலோகம் ஜீயர் அருளிய யதீந்த்ரப்ரவண ப்ரபாவம் முதலான நூல்களில் இவ்வரலாறு காணப்படுகிறது. பொன்னடிக்கால் ஜீயர் முதலான சிஷ்யர்களைக் கொண்டு மடத்தைப் பழுதுபார்க்கச் செய்து, காலக்ஷேபத்திற்கென ஒரு கூடமும் எடுப்பித்து, அதற்குத் திருமலையாழ்வார் என்று தம் ஆசார்யரின் திருநாமத்தைச் சாத்தினார். பின்பு, பிள்ளைலோகாசாரியர் எழுந்தருளியிருந்து ரஹஸ்யங்களை வெளியிட்ட திருமாளிகையிலிருந்து மண்ணை எடுத்து வரச் செய்து, அதைத் தம் மடத்திற்கு ரக்ஷையாக இடுவித்தார்.

இந்த மண் செய்தியைப் பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். அங்கே சற்று நிற்க வேண்டும். பிள்ளைலோகாசாரியர் நைஷ்டிக ப்ரஹ்மசாரி. அவருக்கு ஸந்ததி இல்லை. அவர் அருளிய ரஹஸ்யங்கள் பதினெட்டு. காட்டழகியசிங்கர் கோயிலின் தனிமையிலும் தம் திருமாளிகையிலும் அவற்றை உபதேசித்து வந்தவர், 1323இல் அத்திருமாளிகையை விட்டுப் பெருமாளோடு வெளியேறினார், திரும்பவில்லை. ஒரு நூற்றாண்டளவு கழித்து அங்கிருந்து எடுத்துவரக்கூடியதாக என்ன இருந்திருக்கும்? தூணோ கதவோ ஏடோ எடுத்து வந்ததாக நூல்கள் சொல்லவில்லை. மண் என்றே சொல்கின்றன. அந்த மண்ணை ஒரு புதையல் போல மாமுனிகள் நடத்தியதில் ஒரு கணக்கு இருக்கிறது. கூடத்தின் பெயர் திருமலையாழ்வார். கூடத்தின் ரக்ஷை லோகாசாரியர் திருமாளிகை மண். திருவாய்மொழிப்பிள்ளையிடம் இரண்டு ஓடைகள் கலந்திருந்தன. ஒன்று, நம்பிள்ளை தொடங்கி நாலூராச்சான்பிள்ளை வரை வந்து திருநாராயணபுரத்தில் கைமாறிய ஈட்டின் ஓடை. மற்றொன்று, லோகாசாரியர் தொடங்கிக் கூரகுலோத்தமதாஸர் வழியாக வந்த ரஹஸ்யங்களின் ஓடை. இரண்டையும் ஒருசேரப் பெற்றவரின் பெயரைக் கூரைக்கும், அவற்றுள் ஒன்று ஊற்றெடுத்த இடத்தின் மண்ணை அக்கட்டடத்திற்கும் அமைத்தார். அக்கூடத்தில் அமர்ந்து எது சொல்லப்படப் போகிறது என்பதைக் கட்டும்போதே கட்டடத்தில் எழுதி வைத்தது போன்ற செயல் இது.

ரக்ஷை என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. புதுமனைக்குக் கண்ணேறு படாமலும் தீங்கு வாராமலும் ஏதேனும் ஒன்றைக் காப்பாக வைப்பது உலக வழக்கம். மாமுனிகள் தேர்ந்த காப்பு, படையெடுப்பிலிருந்து தன்னையே காத்துக்கொள்ள இயலாத ஒரு வீட்டின் புழுதி! உலகக் கண்ணால் பார்த்தால் இது பொருந்தாத செயல். வீடு அழியலாம், அதில் சொன்ன வார்த்தை அழியவில்லை. ஆகவே காப்பு அதுவே என்னும் துணிவு இல்லாதவர் இதைச் செய்யார்.

அண்மைக் காலத்தில் பல ஊர்களில் பழைய மடங்களும் திருமாளிகைகளும் புதுப்பிக்கப்படுகின்றன, மகிழத்தக்கதே. கருங்கல் தளம் இடுகின்றனர், சுவருக்கு வண்ணம் பூசுகின்றனர், நன்கொடை அளித்தோர் பெயரைப் பளிங்கில் பொறிக்கின்றனர். ஸம்ப்ரோக்ஷணத்தன்று ததீயாராதனம் ஆயிரம் பேருக்கு நடக்கிறது. மறுமாதம் அதே கூடத்தில் ஈட்டுக் காலக்ஷேபம் என்று அறிவித்தால் வருபவர் மூவரோ நால்வரோ. சொல்பவரும் முதியவர். பழுதுபார்ப்பவர்களைக் குறைகூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. பொன்னடிக்கால் ஜீயரும் செங்கல் சுமக்கச் செய்தவர்தாம். மாமுனிகளின் மடத்தில் பழுதுபார்ப்பு முடிந்தபின் நாள்தோறும் என்ன நடந்தது என்பதே ஒப்பிடத்தக்கது.

அங்கே நடந்தவை பல. திவ்யப்ரபந்த வ்யாக்யானங்களும் ரஹஸ்யங்களும் ஸ்ரீபாஷ்யமும் சொல்லப்பட்டன. சிதறிக் கிடந்த ஏடுகள் தேடித் திரட்டப்பட்டன. பழுதானவற்றை மாமுனிகள் தாமே இராப்பகலாகப் படியெடுத்தார். ஈட்டில் எடுத்தாளப்பட்ட ப்ரமாண வாக்யங்கள் எந்த ஆகரத்தில் உள்ளன என்று தொகுத்து ப்ரமாணத்திரட்டு அமைத்தார். முமுக்ஷுப்படி, தத்த்வத்ரயம், ஸ்ரீவசநபூஷணம் ஆகிய லோகாசாரியர் நூல்களுக்கும், அவர் திருத்தம்பியார் அழகியமணவாளப்பெருமாள் நாயனார் அருளிய ஆசார்யஹ்ருதயத்திற்கும் வ்யாக்யானம் அருளினார். கந்தாடை அண்ணன் போன்ற ஆசார்ய புருஷர்கள் அம்மடத்தில் வந்து ஆச்ரயித்தனர். இதன் முடிவில், நம்பெருமாள் தாமே கேட்க விரும்பித் தம் திருமண்டபத்தில் ஓராண்டு ஈடு சொல்லுமாறு நியமித்ததும், உத்ஸவங்களும் நிறுத்தப்பட்டுக் காலக்ஷேபம் நடந்ததும், ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறையில் தனியன் அவதரித்ததும் யாவரும் அறிந்தவை. ஒற்றை இழையில் தொங்கிய ஈடு அன்று முதல் ஊரார் அனைவரும் கேட்கும் பொருள் ஆயிற்று.

யாவரும் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெரியவாச்சான்பிள்ளை நாலாயிரத்திற்கும் வ்யாக்யானம் அருளியவர். அவற்றுள் பெரியாழ்வார் திருமொழிக்கான ஏட்டின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மாமுனிகள் அதைப் புதிதாக முழுதும் எழுதியிருக்கலாம். எழுதும் தகுதி அவருக்கு இருந்தது. அவர் அழிந்துபோன பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் இட்டு, எஞ்சிய ஏடு தொடங்கும் இடத்தை அடைந்ததும் நிறுத்திக்கொண்டார். இன்று அச்சிட்ட பதிப்புகளில் இருவர் வ்யாக்யானமும் சேர்ந்தே வருவதால், கவனமின்றி வாசிப்பவர்க்கு எங்கே ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குகிறார் என்பது எளிதில் தெரியாது. பழைய சுவர் நிற்கும் அளவும் நிற்க விட்டு, விழுந்த இடத்தை மட்டும் அதே கல்லால் எடுத்துக்கட்டும் நல்ல கொத்தனுடைய முறை அது.

திருநாராயணபுரத்திற்கும் மாமுனிகளுக்கும் நேரான தொடர்பும் நிகழ்ந்தது. ஆழ்வார்திருநகரியில் அவர் எழுந்தருளியிருந்தபோது ஆசார்யஹ்ருதயத்தில் ஓரிடத்தில் பொருள் தெளிய வேண்டியிருந்தது. தம் ஆசார்யரோடு ஒரே கோஷ்டியில் ஈடு கேட்ட ஆய் அதை அறிவார் என்று எண்ணி, அவரைக் காணப் புறப்பட்டார். ஆயும் அதே சமயம் திருநாராயணபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். ஊர் எல்லையில் இருவரும் சந்தித்தனர். ஆய் முதியவர், பாலமுது ஸமர்ப்பிக்கும் கைங்கரியம் உடையவர். ஒருநாள் தாமதமாக, பெருமாள் தாயைத் தேடும் பிள்ளை போல ஆய் எங்கே என்று கேட்டருளியதால் அப்பெயர் பெற்றவர். அவரிடம் மாமுனிகள் சிஷ்யரைப் போல இருந்து ஆசார்யஹ்ருதயம் முழுவதையும் கேட்டார்; கேட்டு முடித்து அவர் மீது ஒரு தனியன் ஸமர்ப்பித்தார். ஆய் அதற்குத் தாம் தகுதியுடையவர் அல்லர் என்று நைச்யாநுஸந்தானம் செய்து, மாமுனிகளைப் புகழ்ந்து தாமும் ஒரு பாசுரம் அருளினார்.

ஆய் நெடுநாள் திரும்பாததால் திருநாராயணபுரத்தில் இருந்த சிலர் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார் என்று சொல்லி, அவர் உடைமைகளை எல்லாம் செல்வப்பிள்ளைக்குச் சேர்த்துவிட்டனர். திரும்பி வந்து இதைக் கேட்ட ஆய் வருந்தவில்லை. உடைமை பெருமாளிடம் சேர்ந்தது நன்றாயிற்று என்று உகந்து, முன்போலவே தம் கைங்கரியத்தில் ஈடுபட்டார்.